கூப்பிடு தூரம் ஸ்டாப்பிங்

அர்த்தனாரியின் பிளசர் கார் சந்தை நாளில் பேளுக்குறிச்சித் தெருவுக்குள் நுழைந்துவிட்டால், எப்போது வெளியே வரும் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு மாட்டு வண்டிகள் உரசாமல் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் அந்தத் தெரு. அதற்குள் சேந்தமங்கலத்து வாடகைக் கார்கள், ராசிபுரத்து வாடகைக் கார்கள், வெங்காயம் ஏற்ற வந்த லாரி, புளி இறக்க வந்த கட்டை வண்டிகள், கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி எல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். யாரும் வண்டியைப் பின்னுக்கு எடுக்க மாட்டார்கள். பின்னுக்கு எடுப்பது எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு மானக்கேடு.

அர்த்தனாரிக்கு அந்த நெரிசல் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காரின் வலப்பக்கத்தில் பித்தளை ஆரன் ஒன்றை மாட்டி வைத்திருந்தான். ரப்பர்ப் பந்தை அமுக்கினால், எருமை தன் கன்றைத் தேடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சந்தை வாயில் நின்று அவன் அதை அமுக்கும்போது கத்தரிக்காய்க் கூடைக்காரியிலிருந்து கருப்பட்டி வியாபாரி வரைக்கும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அவன் ஊரான காளப்பநாயக்கன்பட்டியில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு மேல் இல்லாத காலம் அது. ஊருக்குப் பக்கத்து மலைக்கு ரோடு போடப் போகிறார்கள் என்று பேச்சு இருந்ததே தவிர ரோடு வரவில்லை.

கிணற்றோடு இருந்த கடலைக் காட்டை விற்றுத்தான் அந்தக் காரை வாங்கினான். காட்டை விற்ற வருசம் பூராவும் அவன் பெண்டாட்டி பெருமாயி அவனுக்குச் சோற்றைப் போட்டாளே தவிர ஒரு பேச்சைப் போடவில்லை. அப்புறம் கார் சந்தைக்கு ஓட ஆரம்பித்து, சந்தை நாள் வருமானத்தில் வாரம் முழுக்க அடுப்பு எரிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தாள். திறந்த பிறகு மூடவில்லை என்பது வேறு விசயம்.

சந்தை அன்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே அர்த்தனாரி மலை அடிவாரத்துக்குப் போய்க் காரை நிறுத்திக்கொள்வான். மலைக்காரர்கள் இருட்டோடு கிளம்பி, ஒற்றையடிப் பாதையில் சுமையோடு இறங்கி வருவார்கள். மிளகு, வாழைத்தார், தேன், சாமை, பருவத்தில் பலா. முதலில் தெரிவது மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியிலிருந்து வரும் இருசாயியின் தலைச்சுமைதான். அவள் முகம் தெரிவதற்கு முன்பே குரல் வந்துவிடும். நல்ல உயரம், நல்ல கறுப்பு, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாதவள். அவள் பேசினால் கார்க் கண்ணாடி அதிரும்.

"தம்பீ, நல்லாருக்கறயா? ஊட்டுல பெருமாயி புள்ள நல்லாருக்குதா?"

"அக்கா, நான் எதுத்த மலையில இல்ல. இங்க முன் சீட்டுல இருக்கறேன். மெதுவாப் பேசுனாலே கேக்கும்."

"நான் மெதுவாத்தான சாமி பேசறேன்!"

பின் சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராகவும், ஒருவர் காலடியில் இன்னொருவர் கூடையாகவும் அடைத்துக்கொள்வார்கள். டிக்கியில் பலாப்பழங்கள். மிளகு மூட்டையை மட்டும் இருசாயி யார் கையிலும் கொடுக்க மாட்டாள். மடியிலேயே வைத்துக் கட்டிக்கொள்வாள். கார் சந்தை வாயில் வந்து சிக்கிக்கொண்டதும் தரகர்கள் ஜன்னலுக்கே வந்துவிடுவார்கள். "எப்ப நீ உள்ள போயி எப்ப விக்கப் போறே? உச்சிப்பொழுது ஆனா விலை எறங்கிப் போயிரும். இங்கயே குடுத்துப்போட்டு நிம்மதியா இரு" என்று ஜன்னல் வழியாகவே மூட்டையை இழுப்பார்கள். அர்த்தனாரி திரும்பிச் சிரிப்பான்.

"பாத்தயாக்கா, நம்ம காருக்குச் சந்தையே எந்திரிச்சு வருது!"

இருசாயியும் சிரித்துக்கொண்டே மூட்டையைக் கொடுப்பாள். வருசக்கணக்காக இப்படித்தான்.

ஒரு தைப் பொங்கல் சந்தையில் தெரு முழுசாக அடைத்துக்கொண்டது. லாரி ஒன்று இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் குறுக்கே நின்றதில், குயவர்கள் விரித்து வைத்திருந்த பானைகளெல்லாம் ஓடாகப் போயின. பொங்கலுக்குப் புதுப்பானை வாங்க வந்தவர்கள் பழைய பானையில் பொங்கினார்கள். பேளுக்குறிச்சி பஞ்சாயத்து பிரசிடெண்ட் சின்னுசாமி அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடையாக நடந்து, ஆபீசர்களைப் பார்த்து, பஸ் முதலாளி ஒருவரைப் பிடித்து, மாசி மாதம் ஒரு நாள் அர்த்தனாரி வீட்டுக்கே வந்துவிட்டார். பெருமாயி வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள்.

"அர்த்தனாரி, சந்தைக்கு பஸ்ஸு வருது தெரியுமா?"

"வரட்டுமுங்க. தெருவுல எடமிருந்தா வரட்டும்."

"எடம் இருக்கும். நீதான் இருக்க மாட்டே" என்று பிரசிடெண்ட் சிரித்தார். "ஆவாரமேடு இருக்குதல்ல, சந்தைக்கு இக்கட்டால, இந்தப் பக்கத்துல? அந்தப் பொறம்போக்கச் சமன் பண்ணப் போறம். காரு, லாரி, பஸ்ஸு எல்லாம் அங்கயே நின்னுக்கோணும். சந்தை நாள்ல தெருவுக்குள்ள எஞ்சின் சத்தமே கேக்கப்படாது. அடிவாரத்துல ஏத்தி, உங்கூரு வழியா மேட்டுல எறக்கி, பஸ்ஸு போயிட்டுப் போயிட்டு வரும். பெரிய மூட்டைக்கு மேட்டுல இருந்து கட்டை வண்டி. தலைச்சுமைக்காரங்க நடந்து போயிக்குவாங்க."

"அப்ப எம்பட காரு?"

"மேட்டுல நிறுத்திக்கோ. ஆரு வேண்டாங்கறா?"

"பஸ்ஸு நிக்கறப்ப எவனுங்க எங்கார்ல ஏறுவான்?"

"அதுக்குத்தான் ஊடு தேடி வந்தேன். பஸ் மொதலாளி டிரைவரு தேடறாரு. மலைக்காரங்களுக்கு உன்னையத் தெரியும். நீ ஓட்டுனா நம்பி ஏறுவாங்க. வாரயா?"

அர்த்தனாரி எழுந்து நின்றுவிட்டான். "சொந்த ஸ்டேரிங் புடிச்ச கையிங்க இது. காட்டை வித்துக் காரு வாங்குனது இன்னொருத்தன் பஸ்ஸுக்குக் காக்கிச் சட்டை போடறதுக்குங்களா?"

"ஏனுங்க, சித்த இருந்து கேளுங்க. காடு போனப்ப நான் சொன்னதத்தான் கேக்குல. இதையாச்சும்..." என்றாள் பெருமாயி, கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இரு புள்ள."

பிரசிடெண்ட் நல்ல மனிதர்தான். ஆனால் வாயை வைத்துக்கொண்டு அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சேலத்து ஆபீசருக்கு ஒண்ணே ஒண்ணுலதான் சந்தேகம். மேட்டுல எறக்கி உட்டா மலைக்காரப் பொம்பளைங்க சுமையோட அம்புட்டுத் தூரம் நடப்பாங்களான்னு கேக்கறாரு. தூரம் அதிகம்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா திட்டமே இல்லையாம். காரும் லாரியும் பழையபடி தெருவுக்குள்ளயேதானாம். அடுத்த சந்தைக்கு வந்து அவங்களையே கேக்கறாரு. பாப்பம்."

அன்று முழுக்க அர்த்தனாரி காரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்க முகம் தெளிந்தது. மலைக்காரர்கள் சார்பில் பேசுவதென்றால் யார் பேசுவார்கள்? இருசாயிதான். இருசாயி யாருடைய ஆள்?

அடுத்த சந்தை நாளில், அடிவாரத்திலிருந்து கார் கிளம்பியதுமே ஆரம்பித்தான்.

"அக்கா, இன்னைக்கு ஆவாரமேட்டுல சேலத்து ஆபீசரு ஒருத்தரு நிப்பாரு. மேட்டுல இருந்து சந்தை எவ்வளவு தூரம்னு உன்னையக் கேப்பாரு. ரொம்பத் தூரம்னு சொல்லிப்போடோணும்."

"தூரந்தான சாமி. சொன்னாப் போச்சு."

"சும்மா சொன்னாப் பத்தாது. அழுத்திச் சொல்லோணும். இதுல நீ எப்படிச் சொல்றியோ அதுலதான் எங்கூட்டு அடுப்பு எரியறது இருக்குது."

இருசாயி மிளகு மூட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் மாறிவிட்டது. "எந்தம்பி அடுப்பு எரியோணும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு. சொல்ற விதமாச் சொல்றது எம்பொறுப்பு" என்றாள். பின் சீட்டில் இருந்தவர்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஆவாரமேட்டில் ஆவாரஞ்செடிகள் பூத்து மஞ்சளாகக் கிடந்தன. ஆபீசர் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். பக்கத்தில் பிரசிடெண்ட். இறங்கி வந்த இருசாயியை அவர் கைகூப்பிக் கும்பிட்டதில் அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

"அம்மா, நீங்க வாரம் தவறாம வர்றவங்கன்னு சொன்னாங்க. இங்க பஸ் நிறுத்தினா, இங்கிருந்து சந்தை எவ்வளவு தூரம் இருக்கும்? உங்க கணக்குல சொல்லுங்க."

இருசாயி மேட்டின் விளிம்புக்குப் போனாள். கீழே புளிய மரங்களுக்கு அந்தப் பக்கம் சந்தையின் புழுதி தெரிந்தது. நெற்றிக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, மலை அதிரச் சொன்னாள்.

"என்னத்தச் சொல்றதுங்க சாமி! அது கூப்பிடு தூரமுங்க!"

ஆபீசரின் முகம் மலர்ந்துவிட்டது. "கூப்பிடு தூரந்தானா?"

"ஆமாங்க சாமி! கூப்பிடு தூரம்! நல்லாப் பாத்துக்குங்க, கூப்பிடு தூரம்!"

"சுமையோட நடந்துருவீங்களா?"

"நடக்காம என்னங்க பண்றது? காலு எதுக்கு இருக்குது?"

பின்னால் நின்ற மலைக்காரர்களும் "கூப்பிடு தூரமுங்க, கூப்பிடு தூரமுங்க" என்று ஒத்துப் பாடினார்கள். ஆபீசர் குடையை மடக்கிக்கொண்டு பிரசிடெண்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைப் போய்த் தூரம் என்று பயந்தோமே என்றார்.

அர்த்தனாரி காரில் சாய்ந்தபடி கல்லாகிப் போனான். இருசாயி அவன் பக்கம் திரும்பி, எப்படிச் சொன்னேன் பார்த்தாயா என்பது போலப் பெருமையாகத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்புத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. செய்ததையும் செய்துவிட்டு நக்கல் வேறு பண்ணுகிறாளே என்று நினைத்தான். திரும்பும்போது மலைக்காரர்களை ஏற்றாமல் வெறும் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

சித்திரையில் பஸ் வந்தது. முன்கண்ணாடிக்கு வேப்பிலையும் சந்தனமும் வைத்து ஓட்டினார்கள். சந்தைத் தெரு வாயில் பிரசிடெண்ட் இரண்டு கல்தூண் நட்டு, நடுவே ஒரு சங்கிலியைக் கட்டிவிட்டார். ஆள் புகலாம், சுமை புகலாம், கட்டை வண்டிக்கு மட்டும் காலையில் கொஞ்ச நேரம் சங்கிலியை அவிழ்ப்பார்கள். ராசிபுரத்துக் கார்க்காரர்கள் ஒரு வாரம் சங்கிலிக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். இரண்டாம் வாரம் மேட்டில் நிறுத்திவிட்டு டீ குடித்தார்கள். மூன்றாம் வாரம் பாதிப் பேர் வரவில்லை. பஸ்ஸில் வருவதே லாபம் என்று ஆகிவிட்டது.

அர்த்தனாரியின் கார் வாசலில் நின்றது. எப்போதாவது ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி. மற்ற நாளில் பானெட்டின்மேல் பெருமாயி மிளகாய் காயப் போட்டாள். அதைப் பார்த்தும் அவன் சண்டைக்கு வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தால் தட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இருசாயி ஒரு நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அர்த்தனாரி கொல்லைப்புறமாக வெளியே போய்விட்டான்.

"தம்பி எங்க புள்ள?"

"வேலையாப் போயிருக்கறாருக்கா."

"எம்மேல என்னமோ கோவம். அன்னைக்கு நான் அம்புட்டுச் சொல்லியும் அந்த ஆபீசரு கேக்கல. அதுக்கு நான் என்ன சாமி பண்ணட்டும்?"

பெருமாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழத்தை வாங்கி வைத்தாள். இரண்டு நாளில் வீடு முழுக்க வாசம் தூக்கியது. அர்த்தனாரி ஒரு சுளைகூடத் தொடவில்லை.

பெருமாயிக்குச் சந்தையில் வேலை இருந்தது. உரித்த கடலையை விற்க வேண்டும். புருசன் முறைக்க முறைக்க பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்தவள் கூடையை இறக்கி வைத்ததும் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அந்தத் தெரு எத்தன அகலமுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஆளுக உக்காந்து யாவாரம் பண்றாங்க, நடுவுல கைய வீசிக்கிட்டு நடக்கலாம். பானைக்காரங்க திரும்ப வந்துட்டாங்க. ஒரு கெழவி நடுத்தெருவுல நின்னு வெத்தல போடுது, ஆரும் 'ஒதுங்கு ஒதுங்கு'ன்னு கத்தல."

"மேட்டுல இருந்து நடந்தயல்ல? காலு வலிக்கலயா?"

"காருக்குள்ள மடங்கி உக்காந்துட்டு வாரத விடவா வலிக்கும்?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவள் விடவில்லை. "இருசாயி அக்கா உங்கள ஏமாத்துற ஆளில்லீங்க. கேட்டாத் தெரியும். கேக்காமயே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி?"

ஆனி முடிகிற சமயத்தில் இருசாயியின் புருசன் காத்தான் வந்தான். அவன் அதிகம் பேசாதவன். பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவனுக்கு அந்த வேலை இல்லாமல் போயிருக்கலாம். மலையில் மாரியம்மன் நோம்பித் திருவிழா, இருவரும் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறி உட்கார்ந்தான். கூட்டிக்கொண்டுதான் போவான் என்று தெரிந்தது. பெருமாயி அதற்குள் மாற்றுச் சேலையை எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

காரில் ஏறி வந்தவர்களையே பார்த்துப் பழகிய அர்த்தனாரி, அவர்கள் நடந்து வந்த வழியை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான். அடிவாரத்தில் வெயில், பாதி வழியில் மேகம் வந்து காலைச் சுற்றியது, அப்புறம் தூறல். கல்லும் வேருமாகப் பாதை. வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு இதில் எப்படி இறங்குகிறார்கள் என்று நினைத்தபோது மூச்சு வாங்கியது. ஒருவழியாக மேலே ஏறி ஒரு பாறையில் உட்கார்ந்தான். எதிரே ஒரு பெரிய பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு, அதன்மேல் புல் வேய்ந்த நாலைந்து வீடுகள், புகை.

"மாமா, உங்கூடு இன்னும் எத்தன தூரமுங்க?"

"அதா, அந்தப் பொகை வாரதுதான் நம்மூடு. கூப்பிடு தூரந்தான்."

காத்தான் பாறை விளிம்புக்குப் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தான். "ஓஓஓய்... வந்தாச்சூஊ..." பள்ளத்தைத் தாண்டிப் போய் அது எதிர்மேட்டில் மோதியது. கொஞ்ச நேரத்தில் இருசாயியின் குரல் பக்கத்தில் நிற்பவள் குரலாகவே வந்தது. "தம்பி வருதாஆஆ?" "வருதூஊ!" "சாமச் சோறு வடிக்கறேஏஏன்!"

கேட்டதே தெம்பாக இருந்தது. அர்த்தனாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். இறங்கினார்கள். இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அடியில் ஒரு ஓடை, முழங்கால் தண்ணீர். பெருமாயி பாறையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். அப்புறம் ஏற்றம். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக்கு மரங்கள், மரவள்ளிக் காடு, மறுபடி ஏற்றம். சூரியன் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கிவிட்டது. வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தபோது இருசாயி வடித்த சோறு ஆறி, மறுபடி ஒரு உலை வைத்திருந்தாள்.

அர்த்தனாரி மண்தரையில் அப்படியே விழுந்தான்.

"ஏனுங்க மாமா! கூப்பிடு தூரம்னு சொன்னீங்களே!"

"ஆமா, கூப்பிடு தூரந்தான."

"இதா? அரைநாள் நடந்திருக்கறம்!"

காத்தான் அவனை விசித்திரமாகப் பார்த்தான். அன்றைக்கு அவன் பேசிய பேச்சிலேயே நீளமானது அதுதான். "கூப்பிட்டாக் கொரலு போயிரும், காலு போகாது. அதுக்குத்தான கூப்பிடு தூரம்ங்கறது? கிட்டத்துல இருந்தா எதுக்குக் கூப்புடோணும்? சும்மா பேசிக்கலாமே!"

அர்த்தனாரி எழுந்து உட்கார்ந்தான். இருசாயி செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"அதத்தான தம்பி அந்த ஆபீசருகிட்டத் தொண்டை கிழியச் சொன்னேன்! ரொம்பத் தூரம், கூப்பிடு தூரம்னு சொன்னேன்! அப்புறமும் அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே அங்கதான் பஸ்ஸ நிறுத்துவேன்னு போயிட்டாரு. பாத்தா நல்லவராத்தான் இருந்தாரு. நெஞ்சு கல்லு!"

முதலில் பெருமாயிக்குத்தான் விளங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அர்த்தனாரி பெண்டாட்டியைப் பார்த்தான், இருசாயியைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான். சிரித்து, சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை என்று ஆனபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவளைக் கண்டு கொல்லைப்புறமாக ஓடினோமே என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது.

கீழே கூப்பிடு தூரம் என்றால் பக்கம் என்று அர்த்தம் என அவன் சொன்னதும் இருசாயி செம்பைப் போட்டுவிட்டாள். "அட மாரியாத்தா! உங்கூட்டு அடுப்புல நானா தண்ணிய ஊத்திட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நொடியே நிமிர்ந்தாள். "அழுவாத சாமி. நோம்பி முடியட்டும். சேலத்துக்கே வாரேன். அந்த ஆபீசர நிறுத்தி வெச்சு, கூப்பிடு தூரம்னா என்னன்னு சொல்லிப்போடறேன். எங்க நாட்டு ஆளுக அத்தன பேரும் வருவாங்க. காரெல்லாம் பழையபடி தெருவுக்குள்ள வந்துருமல்ல?"

வந்துவிடும். அர்த்தனாரிக்கு அது நன்றாகத் தெரிந்தது. மலைக்காரர்கள் தூரம் என்று சொன்னால் திட்டமே இல்லை என்பது ஆபீசரே கொடுத்த வாக்கு. இத்தனை மாதம் எதை நினைத்து வயிறெரிந்தானோ அது இப்போது தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது.

சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் வந்தன. பசி எடுத்திருந்தது, ஆனாலும் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எம்மூஞ்சியப் பாக்காமச் சொல்லு. மேட்டுல எறங்கி நடக்கறது உனக்கு எப்படி இருக்குது?"

இருசாயி புருசனைப் பார்த்தாள். காத்தான் குழம்பைப் பார்த்தான்.

"சொல்லுக்கா."

"நல்லாத்தான் தம்பி இருக்குது" என்றாள். முதல்முறையாக அவள் குரல் தாழ்ந்தது. "நடக்கறது எங்களுக்கு ஒரு நடையா? சுமையத் தூக்குனா நேராச் சந்தைக்குள்ள போயிடறேன். வேப்பமரத்தடியில எனக்குன்னு ஒரு எடம் புடிச்சிருக்கறேன். நாலு யாவாரி கேக்கறான், நல்ல விலை சொல்றவனுக்குக் குடுக்கறேன். முன்னால காருக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடப்பம் பாரு, அப்பத் தரகன் ஜன்னல்ல கைய உட்டு இழுத்தா குடுக்கறதத் தவுத்து என்ன பண்றது? கதவத் தொறக்கக்கூட எடமிருக்காது. சந்தை காருக்கு வருதுன்னு நீ சிரிப்பே. உன்னையக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு நானும் சிரிப்பேன்."

வெளியே நோம்பிக்குப் பறை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அர்த்தனாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இத்தனை வருசம் அவளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனதாக அல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்! சந்தை வாயில் அடைத்து வைத்துத் தரகனிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்திருக்கிறான், அதுவும் ஆரன் அடித்துக்கொண்டே.

"அதனால என்ன சாமி" என்று இருசாயி மறுபடி குரலை ஏற்றினாள். "எனக்கு நல்லா இருந்து எந்தம்பி அடுப்பு எரியலைன்னா அது ஆருக்கு வேணும்? நான் சேலத்துக்கு வாரேன்."

"நீ எங்கயும் வர வேண்டாம்" என்றான் அர்த்தனாரி. "குழம்பு ஊத்து."

மலையிலிருந்து இறங்கிய கையோடு, புழுதிக் காலோடு பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனான். சங்கிலியைப் பற்றிச் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று அவர் எழுந்து நின்றார்.

"பஸ்ஸுக்கு டிரைவரு வேணும்னீங்களே, அந்த எடம் காலியா இருக்குதுங்களா?"

"நல்ல சமயத்துல வந்தே. கூட்டம் தாங்கல, ரெண்டாவது பஸ்ஸு உடறாங்க. காக்கிச் சட்டை போடோணும், பரவால்லயா?"

"ஒரு கண்டிசனுங்க. எம்பட ஆரனை பஸ்ஸுல மாட்டிக்குவேன்."

அப்படித்தான் காளப்பநாயக்கன்பட்டியின் புகழ்பெற்ற எருமைச் சத்தம் பஸ்ஸுக்கு மாறியது. காரை அவன் விற்கவில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது இருந்தது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் கிளம்பியபோது, பெருமாயி வாசல் வரைக்கும் வந்து, காலரைச் சரிசெய்துவிட்டு, "காட்ட வித்ததுக்கு இப்பத்தான் ஒரு வண்டி ஓட்டறீங்க" என்றாள். அது பாராட்டா குத்தலா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவாரமேட்டை ஆவாரமேடு என்று யாரும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது. மலையில் நடந்ததை அவன் கண்டக்டர் சென்றாயனிடம் சொல்லியிருந்தான். சென்றாயனிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. பஸ் மேட்டில் ஏறும்போதே அவன் படியில் தொங்கிக்கொண்டு கத்துவான்: "கூப்பிடு தூரம் ஸ்டாப்பிங்! கூப்பிடு தூரம் எல்லாம் எறங்கு!" கீழ்க்காரர்கள் பக்கம் வந்துவிட்டது என்று எழுவார்கள். மலைக்காரர்கள் இனி நடக்க வேண்டும் என்று சும்மாட்டைச் சுற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் அது சரியான பேராக இருந்தது.

ஐப்பசித் தூறலில் ஒரு சந்தை நாள், அதே ஆபீசர் பஸ்ஸில் ஏறினார். மற்ற சந்தை ஊர்களிலும் இப்படிச் செய்யலாமா என்று பார்க்க வந்திருக்கிறாராம். முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் இருசாயி, மடியில் மிளகு மூட்டை. பஸ் மேட்டில் நின்று சென்றாயன் கத்தியதும் ஆபீசர் திகைத்துப் போனார்.

"அட, அந்தப் பேரையே வெச்சுட்டீங்களா!" என்று திரும்பியவர் இருசாயியை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மா, நீங்கதானே? அன்னைக்கு நீங்க பக்கம்னு சொன்னதாலதான் இத்தனையும் நடந்துது. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"பக்கம்னா?" இருசாயியின் குரல் பஸ் கூரையில் மோதியது. "நான் எங்கீங்க சாமி பக்கம்னு சொன்னேன்? நான் சொன்னது என்னன்னா..."

அர்த்தனாரி ஆரனை அமுக்கினான்.

விடாமல் அமுக்கினான். இருசாயியின் வாய் அசைந்தது, கை அசைந்தது, ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டார். இருசாயி அவனை முறைத்தாள். அவன் ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒருமுறை அமுக்கினான். அதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூட்டையைத் தலையில் ஏற்றி, ஆபீசருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தூறலில் இறங்கி நடந்தாள்.

ஆபீசரும் அர்த்தனாரியும் மேட்டு டீக்கடையில் நின்றார்கள். கீழே சந்தைத் தெரு கல்தூண்களுக்கு அந்தப் பக்கம் ஆள் தலைகளாக நகர்ந்துகொண்டிருந்தது. டீ பாதி முடிந்திருக்கும். புளிய மரங்களுக்கு அப்பாலிருந்து, தூறலையும் சந்தை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"தம்பீஈஈ! வந்து சேந்துட்டேஏஏன்!"

ஆபீசர் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா? அங்க கூப்பிட்டா இங்க கேக்குது. கூப்பிடு தூரந்தான், சந்தேகமே இல்லை."

"ஆமாங்க சார்" என்றான் அர்த்தனாரி. "கூப்பிடு தூரந்தானுங்க." டீயைக் குடித்து முடித்து, அடுத்த டிரிப்புக்கு பஸ்ஸில் ஏறினான்.